நகையும் அச்சமும்: பதின்பருவக் கருவுறுதல் பற்றிய நகைச்சுவைத் திரைப்படமும் காரைக்காலின் சட்டச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி கருவுறுவதை நகைச்சுவையாகக் கூறிய அமெரிக்கத் திரைப்படம் ‘ஜூனோ’ (2007). இதே பொருளைக் கையாளும் இந்தியப் படங்கள் அழுகைச் சுவையிலேயே நின்றுவிடுகின்றன. நகைச்சுவையாக வெற்றிபெற்ற ‘வீட்ல விசேஷம்’ (2022) படமோ நடுவயது கடந்த இல்லத்தரசியின் கருவுறுதலைப் பற்றியது. இவ்வேறுபாட்டிற்குச் சமூக ஒழுக்கம் மட்டுமே காரணம் என்று கூறுவது முழுமையான விளக்கமாகாது. கதை நிகழும் நிலத்தின் சட்டம் எந்த விளைவுகளுக்கு இடமளிக்கிறது என்பதும் படைப்பின் சுவையைத் தீர்மானிக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை அளவுகோலாகவும், பிரெஞ்சுச் சட்ட மரபின் எச்சங்களைக் கொண்ட காரைக்கால் பகுதியைக் களமாகவும் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, அச்சம், ஜூனோ, பதின்பருவம், அறத்தொடு நிற்றல், காரைக்கால், ரெனோன்சான், போக்சோ சட்டம்.

முன்னுரை

காவிரிப் படுகையின் கடைமுகத்தில், அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது காரைக்கால். மூன்று புறமும் தமிழ்நாட்டின் மாவட்டங்களும் ஒருபுறம் வங்கக் கடலும் சூழ்ந்த இப்பகுதி, நிருவாகத்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. 1739 முதல் பிரெஞ்சுக்காரரின் தொடர்பில் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டமுறையிலும் இந்தியாவோடு இணைந்தது. பேச்சு, உணவு, வழிபாடு, திரைப்பட ரசனை ஆகியவற்றில் காரைக்காலுக்கும் அண்டை ஊர்களான நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவற்றுக்கும் வேறுபாடு காண்பது அரிது. சட்டத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு இன்றும் எஞ்சி நிற்கிறது. பெண்ணின் வயது, திருமணம் ஆகியவை தொடர்பான பொருளில் அக்கோடு புலப்படுவதால், பதின்பருவக் கருவுறுதல் பற்றிய ஒரு கதையை வைத்துப் பார்ப்பதற்கு இந்நிலம் ஏற்றதாகிறது.

இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 6.8 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர் என்று 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. நிகழ்வு அரிதானதன்று, அதனைக் கூறும் கதைகளே அரியவை. அவற்றுள்ளும் சிரிக்கவைக்கும் கதை கிட்டத்தட்ட இல்லை. ஒரு சமூகம் எதைக் கண்டு சிரிக்கிறது என்பதைவிட எதைக் கண்டு சிரிக்க இயலாமல் நிற்கிறது என்பது அச்சமூகத்தை அறிய உதவும் சான்றாகும்.

1. நகை பிறக்கும் களங்கள்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனும் எட்டனையும் கூறி, ஒவ்வொன்றும் நான்கு களங்களில் பிறக்கும் என வகுக்கிறது. நகைக்குரிய நான்கு களங்களாக எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் சுட்டப்பெறுகின்றன. எள்ளலைத் தான் பிறரை எள்ளுதல், பிறர் தன்னை எள்ளுதல் என இருவகையாகக் கொள்வார் பேராசிரியர். பேதைமை, கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்வது. மடன், பிறர் கற்பிக்கக் கொண்டதை விடாது பற்றியிருப்பது.

இப்பகுப்பில் இளமை நகையின் களங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. இளையோரின் சொல்லும் செயலும் பிறருக்கு நகை விளைப்பன. அந்நகையில் இகழ்ச்சியைவிடப் பரிவே மிகுதி. எனவே பதின்பருவத்தார் பற்றிய நகைச்சுவை தமிழ்க் கோட்பாட்டு மரபுக்குப் புறம்பானதன்று. ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) முதல் ‘துள்ளுவதோ இளமை’ (2002) வரை பள்ளிப் பருவக் காதலைத் தமிழ்த் திரை பலமுறை கையாண்டுள்ளது. அக்காதல் கருவாக உருக்கொள்ளும் இடத்தில்தான் சுவை மாறுகிறது. நகை ஏன் அவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றையும், இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றையும் தொல்காப்பியம் களங்களாகக் கூறுகிறது. அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு ‘தம் இறை’ என்பதனையும் சேர்க்கிறது. இறை என்பது ஆளும் அதிகாரம். பெருமிதத்தின் களங்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகியன. இவற்றுள் இறையும் கொடையும் இக்கட்டுரையின் பிற்பகுதியில் இன்றியமையாதனவாகின்றன.

2. ‘ஜூனோ’: இளமை நகையின் ஒரு வடிவம்

ஜேசன் ரைட்மன் இயக்கத்தில், டயாப்லோ கோடி எழுதிய ‘ஜூனோ’ 2007இல் வெளிவந்தது. சிறந்த மூலத் திரைக்கதைக்கான அகாதமி விருதைப் பெற்றது. சிறந்த படம், இயக்குநர், நடிகை ஆகிய பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டது. மினசோட்டா மாநிலத்தில் வாழும் பதினாறு வயது ஜூனோ மக்கஃப் (எலியட் பேஜ்) தன் நண்பன் பாலி பிளீக்கரால் (மைக்கேல் செரா) கருவுறுகிறாள். கருக்கலைப்பு நிலையம் வரை சென்று திரும்புகிறாள். குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுப்பதென முடிவு செய்து, விளம்பரத் தாளில் ஒரு தம்பதியரைத் தேர்ந்தெடுக்கிறாள். அத்தம்பதியருள் கணவன் மார்க் பொறுப்பிலிருந்து விலகிவிட, மனைவி வனெஸ்ஸா தனித்த தாயாகக் குழந்தையை ஏற்கிறாள். ஜூனோவும் பாலியும் தம் இளமைக்கே திரும்புகின்றனர்.

இப்படத்தில் நகை நான்கு களங்களிலும் பிறக்கிறது. ஜூனோ தன் பெருத்த வயிற்றைத் தானே கேலி செய்துகொள்வது எள்ளல். பிறர் எள்ளுமுன் தன்னை எள்ளிக்கொள்வதால் எள்ளலின் கொடுமையைக் குறைத்துவிடுகிறாள். கருவுற்ற செய்தியைப் பர்கர் வடிவிலான விளையாட்டுத் தொலைபேசியில் தோழிக்குத் தெரிவிப்பது இளமை. உடல் தாய்மைக்கு வந்துவிட்டது, உடைமைகள் இன்னும் சிறுமியுடையவை. இம்முரணே காட்சியின் நகை. விளம்பரத்தில் கண்ட புகைப்படத்தை வைத்து அத்தம்பதியர் குறையற்றவர் என நம்புவது பேதைமை. கருக்கலைப்பு நிலைய வாயிலில் ஒற்றை ஆளாக நின்று, கற்பித்த முழக்கத்தையே திரும்பத் திரும்பக் கூறும் வகுப்புத் தோழியிடம் வெளிப்படுவது மடன்.

கருவுற்றமை இப்படத்தில் நகைக்குப் பொருளாகவில்லை. அதனை எதிர்கொள்ளத் தெரியாத பெரியவர்களும், அதனை எதிர்கொள்ளும் சிறுமியின் பேச்சுத் திறனுமே நகைக்குப் பொருள். முப்பது வயது கடந்த மார்க் இசைக்குழுக் கனவிலிருந்து வெளிவராத சிறுவனாக இருக்கிறான். பதினாறு வயதுப் பெண் முடிவெடுக்கிறாள். வயதும் முதிர்ச்சியும் இடம் மாறிக் கிடக்கின்றன. படத்தைக் கருக்கலைப்புக்கு எதிரானது எனச் சிலரும், பெண்ணின் தேர்வுரிமையைப் போற்றுவது எனச் சிலரும் எடுத்தாண்டனர். முடிவெடுக்கும் உரிமை அப்பெண்ணின் கையில் இருந்தமையாலேயே இரு தரப்பினராலும் அவ்வாறு எடுத்தாள முடிந்தது.

3. அறத்தொடு நிற்றலும் திரைக்காட்சியும்

அகத்திணை மரபில் களவு வெளிப்படும் முறைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் செய்தியைப் படிப்படியாகக் கொண்டு சேர்ப்பர். செய்தியின் சுமை ஒருத்தியின் தலையில் விழாமல் பல தோள்களில் பகிரப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் கேட்பவர் தலைவியின் பக்கம் நிற்பவராக மாறுகிறார்.

‘ஜூனோ’வில் இவ்வமைப்பை ஒத்த ஒழுங்கு காணப்படுகிறது. ஜூனோ முதலில் சொல்வது தோழி லேயாவிடம். பெற்றோரிடம் செய்தியைச் சொல்லும்போது லேயா உடனிருக்கிறாள். கேட்பவர் தந்தை மாக்கும், பெறாது வளர்க்கும் சிற்றன்னை பிரென்னும். பிரென்னின் பேச்சு ஊட்டச்சத்து மாத்திரை குறித்ததாகவும் மருத்துவரைக் காண்பது குறித்ததாகவும் அமைகிறது. பின்னர், வயிற்றை ஒலியலைக் கருவியால் பார்க்கும் பணியாளர் பதின்பருவத் தாய்மார் குறித்து இகழ்ச்சியாகப் பேச, பிரென் அவரை வெட்டிப் பேசி மகளைக் காக்கிறாள். அகமரபில் செவிலிக்குரிய இடம் இங்கே சிற்றன்னைக்கு வாய்த்திருக்கிறது.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. அகமரபில் அறத்தொடு நிற்றலின் இலக்கு வரைவு, அதாவது திருமணம். களவுக்காலத்துக் கருவுறுதலுக்கென அம்மரபில் தனித்துறை இல்லை. களவு கற்பாக மாறிய பின்னரே மகப்பேறு பேசப்படுகிறது. ‘ஜூனோ’வில் திருமணம் ஒரு தீர்வாக எவராலும் முன்வைக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால், நகை நிலைபெறுவதற்கு இன்றியமையாத கட்டமைப்பு ஒன்று தெரிகிறது: செய்தியைக் கேட்பவர் துணைநிற்பவராக மாறுதல். அது நிகழாத கதையில் நகை நீடிப்பதில்லை.

4. இந்தியத் திரையில் அழுகையும் இளிவரலும்

‘ஜானே பீ தோ யாரோ’ என்னும் அங்கத நகைச்சுவைப் படத்தால் புகழ்பெற்ற குந்தன் ஷா, 2000இல் ‘க்யா கெஹ்னா’ என்னும் இந்திப் படத்தை இயக்கினார். கல்லூரி மாணவி ஒருத்தி கருவுற்று, காதலனால் கைவிடப்பட்டு, குழந்தையைப் பெற உறுதிகொள்ளும் கதை அது. நகைச்சுவையில் தேர்ந்த இயக்குநரே இப்பொருளை எடுத்தபோது குடும்ப உருக்கக் கதையாகவே அமைத்தார். வீட்டார் முதலில் அவளை வெளியேற்றுகின்றனர், பின்னர் ஏற்கின்றனர். அவமதிப்பும் அதனை வெல்லும் உரையாடலுமே படத்தின் ஆற்றல்.

தமிழில் சுசீந்திரன் இயக்கிய ‘ஆதலால் காதல் செய்வீர்’ (2013) மேலும் கூர்மையானது. கல்லூரி மாணவர் இருவரின் காதல், இளையோர் குறும்புகளோடு நகையாகவே தொடங்குகிறது. பெண் கருவுற்றபின் இரு குடும்பங்களுக்கும் இடையிலான பேச்சு மானம், பழி ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்ந்து முறிகிறது. பிறந்த குழந்தை ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்வதாகப் படம் முடிகிறது. நகையிலிருந்து இளிவும் இழவும் ஆகிய அழுகைக் களங்களுக்குப் படம் நகரும் புள்ளி, கருவுற்ற செய்தி வீட்டை எட்டும் புள்ளியே. கேட்பவர் துணையாகவில்லை; தரப்பாகிவிட்டனர். இவ்விரு படங்களிலும் பெண் பள்ளி மாணவியல்லள், கல்லூரி மாணவி என்பதும் கருதத்தக்கது. கதை அவளது வயதைச் சற்று உயர்த்திக்கொண்ட பின்னரும் நகை நிலைபெறவில்லை.

இவற்றோடு ஒப்புநோக்கத்தக்கது 2022இல் ஆர்.ஜே. பாலாஜியும் என்.ஜே. சரவணனும் இயக்கிய ‘வீட்ல விசேஷம்’. இந்தியில் வெற்றிபெற்ற ‘பதாயி ஹோ’வின் (2018) தமிழ் வடிவம் இது. திருமண வயதில் மகன் இருக்கும்போது தாய் (ஊர்வசி) கருவுறுகிறாள், தந்தை (சத்யராஜ்) நாணுகிறார், உற்றார் முணுமுணுக்கின்றனர். தொல்காப்பியம் மூப்பை இளிவரலின் களமாக வைத்தது. இப்படம் அவ்விளிவரலையே நகையாக்கி, இறுதியில் உவகையாக்குகிறது. ‘தவறான வயதில்’ கருவுறுதல் தமிழ்த் திரையில் நகைச்சுவையாக இயலும் என்பதை இது நிறுவுகிறது. அவ்வாறெனில் வயதின் பொருந்தாமை மட்டும் நகையைத் தடுப்பதில்லை. தாலி இருக்கும் இடத்தில் பொருந்தாமை நகையாகிறது; இல்லாத இடத்தில் பழியாகிறது.

படத்தின் தலைப்பே இதற்குச் சான்று. ‘வீட்டில் விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்டால் மருமகள் கருவுற்றிருக்கிறாளா என்பது பொருள். ‘முழுகாமல் இருக்கிறாள்’, ‘மாசமாக இருக்கிறாள்’, ‘நாள் தள்ளிப் போயிருக்கிறது’ எனக் கருவுறுதலை மங்கலமாகவும் மறைபொருளாகவும் குறிக்கத் தமிழ்ப் பேச்சு வழக்கில் பல தொடர்கள் உள்ளன. மணமாகாதவள் கருவுற்றால் ‘விசேஷம்’ என்னும் சொல் அவளுக்குக் கிடைப்பதில்லை. ‘கெட்டுப்போனாள்’ என்னும் இழப்பின் சொல்லே கிடைக்கிறது. நகைச்சுவை உரையாடலை நம்பி வாழும் கலை. பேசுவதற்கு மொழியில் இலேசான சொல் இல்லாதபோது, நகைச்சுவை எழுதுபவருக்கு முதற்கருவியே இல்லாமற்போகிறது.

ஒரு முரணும் இங்குண்டு. பெண் பூப்பெய்தியதை மஞ்சள் நீராட்டு என ஊரறியக் கொண்டாடும் வழக்கம் காவிரிப் படுகையில் பரவலாக உள்ளது. உடல் கருவுறும் தகுதி பெற்றதை அறிவிக்கும் சடங்கு அது. அத்தகுதியைப் பற்றிய அறிவை அப்பெண்ணுக்கு வழங்கும் பேச்சோ வீட்டிலும் வகுப்பறையிலும் தயக்கத்தோடு நிற்கிறது. பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுபருவம் வகுத்த மரபில் 14 முதல் 19 வயது வரை மடந்தை எனப்பட்டாள். இன்றைய பதின்பருவத்தோடு ஏறத்தாழப் பொருந்தும் இப்பருவம் அன்று திருமணத்திற்குரியது, இன்று கல்விக்குரியது. இம்மாற்றத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அளவிற்குக் கதைமரபு இன்னும் உள்வாங்கவில்லை.

5. காரைக்கால்: இரு சட்ட மரபுகள் சந்திக்கும் நிலம்

பிரித்தானிய இந்தியாவில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் இயற்றப்பட்டு, பெண்ணின் மணவயதை 14 ஆக வரையறுத்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், எல்லைக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்தில் நடைமுறையிலிருந்த அச்சட்டம் இப்பால் செல்லவில்லை. பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு 1804இலேயே பெண்ணுக்கு 15, ஆணுக்கு 18 என மணவயதை வகுத்திருந்தது. எனினும் பிரெஞ்சிந்தியாவின் மக்களுள் பெரும்பாலோர் தத்தம் சமய, சாதி வழக்காறுகளாலேயே ஆளப்பட்டனர். 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணை ஒரு வாயிலைத் திறந்தது. விரும்புவோர் தம் தனிநிலை வழக்காற்றைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அவ்வாறு துறந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர்.

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. இந்தியாவில் பெண்ணின் மணவயது 1978இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்னும் விலக்கைத் தன் முதற்பிரிவிலேயே கொண்டுள்ளது. காரைக்காலும் அவ்வொன்றியப் பகுதியைச் சேர்ந்ததே. ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களுக்கு இச்சட்டம் வேறுவேறாக நிற்கக்கூடும் என்பது இதன் பொருள்.

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், இவ்வாறான விலக்கு எதனையும் அளிக்கவில்லை. 18 வயது நிரம்பாத எவரும் அச்சட்டத்தின்படி குழந்தை. குழந்தையின் இசைவுக்குச் சட்ட மதிப்பில்லை. 2017 அக்டோபர் 11 அன்று உச்சநீதிமன்றம், 15 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட மனைவியோடு கொள்ளும் உறவும் குற்றமே எனத் தீர்ப்பளித்தது. ஆகவே காரைக்காலில் மணவயது பற்றிய சட்டத்தில் ஒரு பிளவு இருந்தாலும், உறவு பற்றிய குற்றவியல் சட்டத்தில் பிளவு இல்லை.

6. அதே கதை காரைக்காலில் நிகழுமாயின்

‘ஜூனோ’வின் கதைப்புள்ளிகளை இச்சட்டச் சூழலில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, செய்தி வெளிப்படும் இடம். ஜூனோவின் செய்தி தோழி, பெற்றோர் எனப் பரவுகிறது. மருத்துவமனை அதன்பின் வரும் இடம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. பதினாறு வயதுப் பெண் கருவுற்று மருத்துவரைக் கண்டால், அக்கணமே அது காவல்நிலையத்திற்குரிய செய்தியாகிறது. அறத்தொடு நிற்றலில் கேட்பவர் துணையாகிறார். இங்குக் கேட்பவர் தகவலாளியாகக் கடமைப்படுகிறார்.

இரண்டாவது, ஆண் பாத்திரம். பாலி பிளீக்கர் ஓட்டப்பந்தய வீரன், இனிப்பு மிட்டாய்ப் பிரியன், நாணம் மிக்கவன். படத்தின் மென்மையான நகைக்கு உரியவன். காரைக்காலில் அவன் சட்டத்தோடு முரண்பட்ட சிறுவன் என இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். போக்சோ சட்டத்தின் 5ஆம் பிரிவு, குற்றத்தின் விளைவாகப் பெண் குழந்தை கருவுறுவதைக் குற்றத்தைக் கடுமையாக்கும் காரணங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. 2019 திருத்தத்திற்குப் பின் அத்தகைய குற்றத்திற்கு வயது வந்தோருக்கான குறைந்த அளவுத் தண்டனையே 20 ஆண்டு. சிறுவனுக்கு இளைஞர் நீதிச் சட்டம் தனி நடைமுறையை வகுத்துள்ளது. எனினும் 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றத்திற்காக வயது வந்தோனைப்போல் விசாரிக்கப்படும் வாய்ப்பும் அச்சட்டத்தில் உண்டு. கதையில் கரு என்பது நகையின் தொடக்கம். சட்டத்தில் அது குற்றத்தின் எடை.

மூன்றாவது, கருக்கலைப்பு. இந்தியாவில் 1971 முதல் மருத்துவக் கருக்கலைப்பு சட்டப்படி இசைவுபெற்றது. 2021 திருத்தத்திற்குப் பின், 18 வயது நிரம்பாதோர் உள்ளிட்ட சில வகையினருக்கு 24 வாரம் வரை இடமுண்டு. ஆனால் இளம்பெண் தானே சென்று முடிவெடுக்க இயலாது. காப்பாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும். ஜூனோ தனியே சென்று தனியே திரும்பும் காட்சி இங்கு அமைய இயலாது.

நான்காவது, தத்து. ஜூனோ விளம்பரத் தாளைப் பார்த்து வளர்ப்புப் பெற்றோரைத் தானே தேர்கிறாள். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன்பின் தத்து, மத்தியத் தத்துவள ஆணையத்தின் நெறிப்படி நடைபெறும். பெற்றவள் பெறுபவரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இதில் இல்லை. குழந்தை விற்பனையைத் தடுக்கும் நோக்கில் அமைந்த இந்நெறி நியாயமானது. ஆயினும் ‘ஜூனோ’வின் நடுப்பகுதிக் கதை முழுவதும் இதனால் இல்லாமற்போகிறது.

எனவே இந்நிலத்தில் இக்கதை நகையாக எழுவதற்கு எதிராக நிற்பது தொல்காப்பியம் அச்சத்தின் களமாகச் சுட்டிய ‘தம் இறை’. ஒழுக்கத்தைப் பழிக்கும் ஊரைப் படைப்பாளி எள்ளலாம், எள்ளி வெல்லலாம். சிறைவாயிலில் நிற்கும் சிறுவனை வைத்து இளமை நகையைப் படைப்பது எளிதன்று. இச்சட்டம் குழந்தைகளை வன்கொடுமையிலிருந்து காக்கும் இன்றியமையாத அரண் என்பதில் ஐயமில்லை. வன்கொடுமையையும், ஒத்த வயதினரின் விருப்ப உறவையும் ஒரே சொல்லால் குறிக்க நேர்வதே சிக்கல்.

இச்சிக்கலை நீதிமன்றங்களும் உணர்ந்துள்ளன. காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரிப் பகுதியின் மீதும் அதிகாரம் கொண்ட சென்னை உயர்நீதிமன்றம், 2021 சனவரி 27 அன்று வழங்கிய தீர்ப்பொன்றில், காதல் உறவிலுள்ள பதின்பருவத்தாரைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று எனக் கருத்துரைத்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம், விருப்ப உறவால் கருவுற்ற இளம்பெண் கருக்கலைப்பை நாடும்போது, அவளும் காப்பாளரும் வேண்டினால் காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை எனத் தெளிவுபடுத்தியது. 2023இல் சட்ட ஆணையம் தன் 283ஆம் அறிக்கையில், 18 என்னும் இசைவு வயதைக் குறைக்கலாகாது என்றும், 16 முதல் 18 வயதுடையோரின் வழக்குகளில் நீதிபதிக்கு நெறிப்படுத்தப்பட்ட தன்விருப்புரிமை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சட்டம் வேறுபடுத்தத் தொடங்கியுள்ள இரு நிலைகளைக் கதைமரபும் வேறுபடுத்த வேண்டிய காலம் இது.

7. கொடையும் தாய்மையும்

‘ஜூனோ’வின் முடிவு நகையில் நிற்கவில்லை. குழந்தையைப் பெற்ற ஜூனோ அதனைப் பார்க்காமலேயே வனெஸ்ஸாவிடம் சேர்க்கிறாள். இது இழவு எனக் கொள்ளின் அழுகையாகும். கொடை எனக் கொள்ளின் பெருமிதமாகும். படம் இரண்டையும் ஒருங்கே வைத்து, பின்னதன் பக்கம் சாய்கிறது. ‘ஆதலால் காதல் செய்வீர்’ படத்திலும் குழந்தை பெற்றோரைப் பிரிகிறது. அங்குக் கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை. கைவிடுதல் மட்டுமே உள்ளது. ஒரே நிகழ்வு பெருமிதமாகவும் அழுகையாகவும் பிரிவது ஏற்பவர் ஒருவர் இருப்பதையும் இல்லாமையையும் பொறுத்தது.

பெறுதலையும் தாய்மையையும் பிரித்துப் பார்க்கும் சிந்தனை காரைக்காலுக்குப் புதிதன்று. இவ்வூரின் பெயராலேயே அறியப்படும் புனிதவதியார் மகப்பேறு இல்லாதவர். கணவன் பரமதத்தன் அவரை அஞ்சி நீங்கி, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே சூட்டினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பெறாத அவரையே இறைவன் ‘அம்மையே’ என விளித்ததாகச் சைவ மரபு போற்றுகிறது. ஆனி முழுநிலவையொட்டி நிகழும் மாங்கனித் திருவிழாவில் அவ்வம்மையை இவ்வூர் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. தாய்மையைக் கருப்பையின் வழியாக மட்டும் அளக்காத ஒரு மரபு இந்நிலத்தில் உண்டு. பெறாத வனெஸ்ஸா தாயாவதையும், பெற்ற ஜூனோ மீண்டும் மாணவியாவதையும் விளங்கிக்கொள்ளும் வழி இம்மரபிலேயே உள்ளது.

8. நகை இழிவுபடுத்துமா?

இப்பொருளை நகைச்சுவையாக்கினால் இளையோர் அதனை இலேசாகக் கொள்வர் என்னும் மறுப்பு உண்டு. 2008இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் நகர உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் பலர் ஒரே ஆண்டில் கருவுற்ற செய்தி வெளியானபோது, ‘ஜூனோ விளைவு’ என்னும் தொடர் அமெரிக்க இதழ்களில் பரவியது. மாணவியர் கூடிப் பேசி வைத்துக் கருவுற்றனர் என்னும் கூற்றை அந்நகர மேயரே மறுத்தார். 2007க்குப் பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்களின் மகப்பேற்று விகிதம் தொடர்ந்து குறைந்தே வந்தது. ஒரு படம் அதனைக் குறைத்தது என்றோ கூட்டியது என்றோ கூறுவதற்கு இதில் இடமில்லை. அச்சத்திற்கு ஆதாரமில்லை என்பது மட்டும் தெளிவு.

நகை, பேச முடியாததைப் பேசவைக்கும் வழியாக முன்னரும் பயன்பட்டுள்ளது. கடுமையான தணிக்கை நெறி நிலவிய ஹாலிவுட்டில், பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 1944இல் வெளியிட்ட ‘மார்கன்ஸ் கிரீக் அற்புதம்’ என்னும் நகைச்சுவைப் படம், கணவன் யாரென்றே நினைவில்லாமல் கருவுற்ற இளம்பெண்ணின் கதையைத் திரைக்குக் கொணர்ந்தது. உருக்கக் கதையில் இடம்பெறுவதற்கு அரிதான பொருள் நகையின் போர்வையில் நுழைந்தது. அழுகைப் படத்தில் பெண் எச்சரிக்கைச் சின்னமாகிறாள். காண்போர் அவளிடமிருந்து விலகி நின்று அவளுக்காக இரங்குகின்றனர். இளமை நகையிலோ காண்போர் அவள் பக்கம் வந்து நிற்கின்றனர். கருவுற்றதை வீட்டில் சொல்ல அஞ்சி மறைக்கும் பெண்ணுக்கு உயிர்க்கேடே நேரக்கூடும் என்பதால், இவ்வேறுபாடு ரசனை பற்றிய வேறுபாடு மட்டுமன்று.

முடிவுரை

பதின்பருவக் கருவுறுதல் தமிழ்த் திரையில் நகைச்சுவையாக அமையாமைக்கு மூன்று காரணங்களை இவ்வாய்வு இனங்காண்கிறது. மணமாகாத கருவுறுதலை இலேசாகக் குறிக்கும் சொல் வழக்கில் இல்லாமை முதலாவது. செய்தியைக் கேட்பவர் துணையாக மாறும் அறத்தொடு நிற்றல் அமைப்பு கதைகளில் முறிந்துபோதல் இரண்டாவது. விருப்ப உறவையும் வன்கொடுமையையும் பிரித்தறியாத சட்டச் சூழல் நகையின் இடத்தில் அச்சத்தை நிறுவுதல் மூன்றாவது. முதலிரண்டும் படைப்பாளியின் ஆற்றலுக்கு உட்பட்டவை. மூன்றாவது சட்டம் இயற்றுவோரையும் நீதிமன்றங்களையும் சார்ந்தது.

இளமையை நகையின் களமாக வகுத்த இலக்கணமும், பெறாதவளை அம்மை என்று அழைத்த ஊரும் தமிழுக்குரியவை. ‘வீட்ல விசேஷம்’ மூப்பின் இளிவரலை உவகையாக்கிக் காட்டியது. மடந்தையின் கலக்கத்தையும் அவ்வாறு பரிவோடு காட்டுவதற்கான கோட்பாட்டு அடித்தளம் மரபிலேயே உள்ளது. அத்தகைய படம் ஒன்று வருமாயின், வாயிலில் தயங்கி நிற்கும் ஒரு மகள் தாயிடம் முதற்சொல்லைச் சொல்வதற்கு அது துணையாகும்.